வெள்ளித் தகட்டுக் கால்

என் மகள் சைத்ராவின் இடது முட்டி போனபோது எழுந்த சத்தத்தை நான் என் காதால் கேட்டேன். காய்ந்த புளியம்பழத்தை ஒடித்தால் வருமே, அவ்வளவு சத்தம்தான். "டக்." ஒரே ஒரு தடவை. மைதானத்தைச் சுற்றி இருநூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் அது மட்டும் எப்படி என் காதுவரை வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அது தொண்ணூற்றாறாம் வருடம், ஜூலை மாதம். சைத்ராவுக்குப் பதினேழு வயது, பி.யு.சி. இரண்டாம் வருடம். கோ-கோ ஆட்டத்தில் ஓடிவருகிற வேகத்திலேயே கம்பத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுழன்று திரும்புவாள். அந்தத் திருப்பத்தில் மைசூரில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அன்றைக்கு அவளை யாரும் தள்ளவில்லை, யாரும் இடிக்கவில்லை. கம்பத்தைப் பிடித்தாள், இடது காலை ஊன்றினாள், திரும்பினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

நான் பாலசந்திரன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். அப்பா ஈரோட்டிலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கே வந்தார். நான் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் மைசூரில்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று ஒர்க்‌ஷாப்பிலும் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். அந்த நீளமான நாக்கு ஒரே ஒரு தடவை, ஐந்து மாதம், வாய்க்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சீனிவாசன் மேசையில் ஒரு பிளாஸ்டிக் முட்டியை வைத்து விளக்கினார்.

"முட்டிக்குள்ள குறுக்கா ஒரு கயிறு மாதிரி லிகமெண்ட் இருக்கு சார். அது அறுந்துடுச்சு. முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கிற நார்ல ஒரு துண்டு எடுத்து அந்த இடத்துல வெச்சிருக்கோம். அது ஒட்டி, உயிர் பிடிச்சு, பலமாகணும். ஒரு வருஷம் விளையாட்டுப் பக்கமே போகக் கூடாது."

"ஒரு வருஷமா?" என்றாள் சைத்ரா. "மார்ச்ல ஸ்டேட் டீம் செலக்‌ஷன் இருக்கு டாக்டர். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்."

"வயசு தாண்டினா தாண்டட்டும்மா. ஆம்பளைப் பசங்களை விட உங்க மாதிரிப் பொண்ணுங்கதான் இந்தக் காயத்தோட ஜாஸ்தி வர்றீங்க. அதுலயும் ஒரு தடவை போனவங்களுக்கு மறுபடியும் போறது ரொம்ப சகஜம். அவசரப்பட்டவங்க எல்லாம் என்கிட்டத்தான் திரும்பி வந்திருக்காங்க. சில பேருக்கு அதே கால், சில பேருக்கு நல்லா இருந்த கால். இன்னொரு தடவை போச்சுன்னா விளையாட்டு அவ்வளவுதான். நடையே மாறிடும்."

நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. 'அதே கால்' என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். 'நல்லா இருந்த கால்' என்று சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

என்னைப் போல ஒருவன் அதை விட்டுவிட்டு வந்திருக்கவே கூடாது. என் வேலை என்ன தெரியுமா? ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டுவது. எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்து ஸ்பிரிங் உடைந்து வந்தால், உடைந்ததை மட்டும் மாற்றக் கூடாது. எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்கையும் கழற்றிப் பரிசோதிக்க வேண்டும். பார்க்க அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவன் படுத்த நாளிலிருந்து இரண்டு பேர் பாரத்தையும் அவன்தான் சுமந்திருக்கிறான், அடுத்து உடையப்போவது அவன்தான். இருபத்திரண்டு வருடமாக இதை நான் கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது அந்த அறிவை டூல் பெட்டியோடு பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

சைத்ரா மூன்று மாதம் ஒற்றைக் காலில் வளைய வந்தாள். தினமும் காலையில் நான் அவளுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இடது முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பேன், கட்டுப் போடுவேன். பிறகுதான் வேலைக்குப் போவேன். அக்டோபர் கடைசியில் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டாள். அப்போதுதான் என் மனைவி திரிபுரசுந்தரி அந்த வேண்டுதலைப் பற்றிச் சொன்னாள்.

"காலனி மாரியம்மனுக்கு வெள்ளியில கால் செஞ்சு போடறேன்னு வேண்டியிருக்கேன். ஒரு கால் தகடு வாங்கிட்டு வாங்க. இவ நல்லபடியா ஒரு ஆட்டம் ஆடி முடிக்கிற வரைக்கும் நம்ம மாடத்துல இருக்கட்டும். அப்புறம் உண்டியல்ல சேத்துடலாம்."

"டாக்டருக்குக் காசு, அம்மனுக்கு வெள்ளியா? எந்தக் கம்பெனி கியாரண்டி கொடுக்குது?" என்றேன்.

"உங்க வாய்க்கும் ஒண்ணு வாங்கிப் போடறேன், இருங்க," என்றாள் சுந்தரி.

சைத்ரா சிரித்தாள். இந்த விஷயத்தில் அவள் என் கட்சி. சாமி மாடத்தின் பக்கமே போக மாட்டாள், திருநீறு வைத்தால் துடைத்துக்கொள்வாள்.

அசோகா ரோட்டில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்த கண்கள், கைகள், கால்கள், தொட்டில் குழந்தைகள். ஒரு பெரிய விபத்து நடந்த இடத்தைச் சின்னதாகச் செய்து வைத்தது போல இருந்தது எனக்கு.

"கால்," என்றேன்.

"இடதா, வலதா?"

கண்ணை மூடி யோசித்தேன். என் எதிரே சைத்ரா உட்கார்ந்திருக்கிறாள். கட்டுப் போட்ட முட்டி என் வலது கைப் பக்கம் இருக்கிறது. "வலது," என்றேன்.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் இடது நமக்கு வலது என்பது எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடைக்காரர் ரோஸ் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நானும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

சுந்தரி அதற்கு மஞ்சள் தடவி, சைத்ராவின் இடது முட்டியில் மூன்று தடவை தொட்டு எடுத்தாள். சைத்ரா அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேலி செய்யாமல் இருக்கிறாளே, பெரிய விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் சமையலறைச் சுவரில் ஒரு மாடம் உண்டு. சாமி படங்கள் அங்கேதான். சுவருக்கு அந்தப் பக்கம் கூரை போட்ட பின்கட்டு, அங்கே துணி துவைக்கிற கல். அந்த மாடத்தில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் சுந்தரி வெள்ளிக் காலைச் சாய்த்து நிறுத்தி வைத்தாள்.

அந்த வாரமே சத்தம் தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சுந்தரி கடைக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சைத்ரா பின்கட்டில் டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்துகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து, "டக்."

அது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறையில் யாரும் இல்லை. மாடத்தில் விளக்கு அணைந்திருந்தது. வெள்ளிக் கால் மட்டும் பளபளத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை, முன்னைவிட மெதுவாக, மாடத்துக்குள்ளிருந்து, "டக்."

மெல்லிய தகடு வெயில் ஏறினால் விரியும், விரியும்போது டின் மூடி மாதிரி ஒரு சத்தம் போடும். இரும்போடு வாழ்ந்தவன் நான், இது தெரியாதா? அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அடுத்த வாரம் மழை. சூரியனையே பார்க்கவில்லை. அப்போதும் சத்தம் வந்தது.

அன்றைக்குத்தான் தகட்டைக் கையில் எடுத்துக் கூர்ந்து பார்த்தேன். ஐந்து விரலையும் அழகாக அடித்திருந்தான். கட்டை விரல் இருக்கிற பக்கத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். என் காலையும் பார்த்தேன். வலது கால்.

ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் இடது பக்கப் பாகத்தை வலது பக்கத்தில் மாட்டிவிட்டால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவன் நான். இப்போது என் பெண்ணுக்கு நானே பாகம் மாற்றி வாங்கி வந்திருக்கிறேன். சுந்தரியிடம் சொல்லலாம். சொன்னால், "சாமி காரியத்துல உங்களுக்கு இருக்கிற அக்கறை தெரிஞ்சதுதானே," என்பாள். அது பரவாயில்லை. ஆனால் அதோடு விட மாட்டாள், அடிபடாத காலுக்கு வேண்டிக்கொண்டோமே, என்ன ஆகுமோ என்று ராப்பகலாகப் பயந்து சாவாள். சைத்ராவுக்கும் அந்தப் பயம் தொற்றும். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கம். அவ்வளவுதான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். தகட்டைத் திருப்பி வைத்தேன். முன்பக்கம் புடைத்திருக்கிற தகடு பின்பக்கம் குழிந்திருக்கும். குழிந்த பக்கத்தை முன்னால் வைத்தால் கட்டை விரல் இடம் மாறிவிடும், வலது கால் இடது காலாகிவிடும். உள்ளே ஒன்றுமில்லாத இடது கால். பார்க்க நன்றாக இல்லை. யாரோ காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போன பிறகு மிச்சமிருக்கிற அச்சு போல இருந்தது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தது. வேலைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். தகடு பழையபடி திரும்பியிருந்தது. வலது கால்.

சுந்தரி விளக்கேற்றும்போது சரி செய்திருப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் திருப்பினேன். சாயங்காலம் மறுபடியும் வலது கால். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு வார்த்தை பேசாமல் இந்த விளையாட்டு நவம்பர் முழுக்க நடந்தது. எனக்கும் வீம்பு பிடித்துவிட்டது. திருப்பாமல் வேலைக்குப் போனால் அன்றைக்குப் பூரா மனது சரியாக இருக்காது.

டிசம்பரில் சுந்தரி அவள் தங்கை சரசுவுக்குப் பிரசவம் பார்க்க ஈரோட்டுக்குப் போனாள். பத்து நாள். முதல் நாள் காலையில் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு திருட்டுச் சிரிப்போடு சைக்கிளை எடுத்தேன். சாயங்காலம் நான்தான் விளக்கேற்ற வேண்டும். தீக்குச்சியை உரசி உயர்த்திப் பிடித்தேன். மாடத்தில் வலது கால் என்னைப் பார்த்து நின்றது.

தீக்குச்சி விரலைச் சுட்டபோதுதான் உதறினேன். இதையெல்லாம் நம்பாதவன் நான். நம்பாதவனுக்குப் பயம் வந்தால் போய் நிற்க ஓர் இடம்கூடக் கிடையாது. சுந்தரி என்றால் அம்மன் காலில் விழுந்திருப்பாள். நான் யார் காலில் விழுவது? அந்தத் தகட்டுக் காலிலா?

சைத்ராவைச் சந்தேகப்பட்டேனா என்றால், இல்லை. மாடத்தின் பக்கமே போகாத பெண் அவள்.

சுந்தரி திரும்பி வந்ததும் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அந்தக் கால் தகட்டை நீ திருப்பி வைக்கிறியா?"

"எதுக்குத் திருப்பணும்? சாயங்காலம் விளக்கேத்தறப்போ நான் வெச்ச மாதிரியேதானே இருக்கு."

நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன். தகட்டைத் திருப்புவதை மட்டும் விடவில்லை. சத்தமும் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாக இருந்தது, இரண்டாகி, மூன்றாகியது. சுந்தரிக்கும் கேட்டது. "பல்லி," என்றாள். நல்ல சகுனமா கெட்டதா என்று பஞ்சாங்கத்தில் பார்த்தாள்.

பிப்ரவரி கடைசியில் கெம்பம்மா மேடம் வீட்டுக்கு வந்தார். சைத்ராவின் கோச். ஐம்பது வயதுக்காரர். அந்தக் காலத்தில் அவரும் பெரிய ஆட்டக்காரர்தான். தரையில் பாய் போட்டும் நாற்காலிதான் கேட்டார். உட்காரும்போது ஒரு காலை மடக்காமல் நேராக நீட்டிக்கொண்டார். அது ஏன் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவருக்குத் தமிழ் புரியும், ஆனால் கன்னடத்தில்தான் பேசுவார்.

மார்ச் ஒன்பதாம் தேதி செலக்‌ஷன். சைத்ரா இல்லாமல் டீம் இல்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது, இடது கால் கல் மாதிரி இருக்கிறது, தானே தொட்டுப் பார்த்ததாகச் சொன்னார். "ஏனூ ஆகல்லா சார்," என்றார். ஒன்றும் ஆகாதாம். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை என் முன்னால் நீட்டினார்.

சுந்தரி சமையலறை வாசலில் நின்றாள். சைத்ரா சுவரோரம் நின்றாள். உடம்பின் பாரத்தை எந்தக் காலில் போட்டு நின்றாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

"டாக்டர் ஒரு வருஷம்னு சொன்னார்..." என்று இழுத்தேன்.

"டாக்டர் சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"உன் காலு. நீதானே சொல்லணும்."

அவள் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எந்தக் காலுப்பா?"

தகட்டு விஷயம் இவளுக்குத் தெரிந்துவிட்டதா? இத்தனை பேர் முன்னால், அதுவும் கோச் முன்னால், என் மானத்தை வாங்கப் போகிறாளா? சட்டென்று சிரித்துச் சமாளித்தேன். "ரெண்டும்தான். ஒத்தைக் கால்லயா ஓடப்போறே?"

கெம்பம்மா மேடம் சிரித்தார். சைத்ரா சிரிக்கவில்லை. "சரிப்பா," என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் தேதி காலையில் நான் தகட்டைத் திருப்பவில்லை. அதைத் தொடவே கை வரவில்லை. சுந்தரி மைதானத்துக்கு வர மாட்டேன் என்றாள். பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

சைத்ரா என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். காலேஜ் மைதானத்து வாசலில் இறங்கி, நாலடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். 'ஜெயிச்சிட்டு வா' என்று சொல்கிறவன் போல ஆட்டினேன். ஐயோ, அந்தக் கையை என்ன செய்வது!

நன்றாகத்தான் ஓடினாள். முதல் பத்து நிமிடம் எனக்கே எல்லாம் மறந்துவிட்டது. மூன்று பேரைத் தொட்டு அவுட் ஆக்கினாள். பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம மகளு," என்று கன்னடத்தில் பீற்றிக்கொண்டேன். பிறகு ஒருத்தியைத் துரத்திக்கொண்டு கம்பத்துக்கு வந்தாள். இடது காலைக் காப்பாற்ற வேண்டும் என்று திருப்பத்தையே மாற்றிப் பழகியிருந்தாள். இந்தத் தடவை ஊன்றியது வலது கால்.

"டக்."

அந்தச் சத்தத்தை ஜூலையில் ஒரு தடவை கேட்டிருந்தேன். நவம்பரிலிருந்து என் வீட்டுச் சமையலறையில் வாரா வாரம் கேட்டிருந்தேன். இது மூன்றாவது இடம், ஆனால் அதே சத்தம்தான். அவள் கம்பத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். அழவில்லை. கூட்டத்துக்குள் தேடி, என்னைக் கண்டுபிடித்து, என்னையே பார்த்தாள். நான் பக்கத்தில் ஓடிப் போகிற வரை கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் சீனிவாசன் இரண்டு கையாலும் வலது முட்டியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"முழுசாப் போயிடுச்சு சார். ஆனா இது இன்னிக்கு ஆரம்பிச்சது இல்ல. உள்ள ஏற்கெனவே அடிபட்டிருக்கு. நாலஞ்சு மாசமா மடக்கி நீட்டும்போதெல்லாம் டக்குடக்குன்னு சத்தம் வந்துட்டிருந்ததாம், அப்பப்போ கால் நழுவிச்சாம். கேட்டா இப்பத்தான் சொல்றா. ஒரே வீட்ல இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

டக்குடக்கு. சமையலறைச் சுவர். அந்தப் பக்கம் துவைக்கிற கல். அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்கி அவள் பயிற்சி செய்வாள். நல்ல கால் என்று எல்லாப் பாரத்தையும் வலது காலில் போட்டு ஏறுவாள். வெள்ளி சத்தம் போடவில்லை. என் பெண்ணின் கால் சத்தம் போட்டது. நான் அதைக் கேட்டு, எழுந்து போய், தகட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். சைத்ரா கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரண்டு காலும் போர்வைக்குள் இருந்தன.

"ஏம்மா சொல்லல?"

"அக்டோபர்ல பின்கட்டுல வழுக்கிட்டேன்பா. அந்தக் கால்லதான் முழு வெயிட்டும் விழுந்துச்சு. அன்னிலேர்ந்து சரியா இல்ல. சொன்னா இன்னொரு ஆபரேஷன்னு சொல்லிடுவாங்கன்னு பயம். சும்மா இருந்தேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே."

"நானா?"

"வலது கால் வாங்கிட்டு வந்தீங்கல்ல. அம்மா என் இடது முட்டியில வெச்சாங்க. நான் பாத்தேன், அது வலது காலு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லாம அப்பா பாத்திருக்கார், பாத்துட்டு அம்மா பயப்படக் கூடாதுன்னு பேசாம இருக்கார்னு நெனச்சேன். இன்னிக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு காத்துட்டே இருந்தேன்பா. நீங்க என்னடான்னா தினமும் காலையில அதைத் திருப்பி வெச்சீங்க. பாக்காத மாதிரியே இருந்தீங்க. எனக்குக் கோபம். காலேஜ் விட்டு வந்ததும் நேரா வெச்சிடுவேன். பாருங்கப்பா, வலதுப்பா, பாருங்கன்னு. ஒரு நாள் விடாம வெச்சேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே அவள். எந்தப் பக்கம் எந்தக் கால் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நானே போக மாட்டேன்னு சொன்னா பயந்துட்டான்னு டீம்ல பேசுவாங்க. கெம்பம்மா மேடம் மூஞ்சியைப் பாக்க முடியாது. நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தீங்கன்னா, அப்பா விடலைன்னு சொல்லிட்டு நின்னிருப்பேன். கேட்டேனே, அன்னிக்குக் கூட. எந்தக் காலுப்பான்னு. தெரிஞ்சும் ஏம்பா போகச் சொன்னீங்க?"

தெரிந்தும் போகச் சொன்ன அப்பா. இல்லையென்றால் தெரியவே தெரியாத அப்பா. இரண்டில் எது அவளுக்கு வலிக்காது என்று யோசித்தேன். ஐந்து மாதம் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்தது போதும் என்று தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இனி மறைக்கச் சோறும் இல்லை.

"நான் தப்பா வாங்கிட்டேன்மா. கடைக்காரன் கேட்டப்போ குழம்பிட்டேன். அப்புறம் தெரிஞ்சுது. வெக்கமா இருந்துச்சு. அதான் திருப்பித் திருப்பி வெச்சேன். வேற ஒண்ணுமில்ல."

அவள் சிரிக்கப் போகிறவள் போல உதட்டைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

"அப்போ என் காலை நீங்க பாக்கவே இல்லையாப்பா?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சுந்தரி மாடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பத்தே முக்காலுக்கு, மைதானத்தில் சைத்ராவின் கால் போன அதே நேரத்துக்கு, அந்தத் தகடு தானாகக் குப்புற விழுந்ததாம். சாமராஜநகர் வண்டி போனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரமெல்லாம் அதிரும், அதனால் விழுந்திருக்கலாம். அந்த வண்டியின் நேரம் பத்தே முக்கால் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எடுத்துப் பார்த்தேன். முட்டி இருக்கிற இடத்தில் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அரையடி உயரத்திலிருந்து விழுந்த தகடு அப்படி மடியாது. அதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. நான் தேடவும் இல்லை.

சைத்ரா இப்போது கல்யாணமாகி, சாமுண்டிபுரத்தில் இருக்கிறாள். ஒரு ஆபீசில் வேலை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனால் நான் கீழே நின்றுகொண்டு முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை அவளுடைய இரண்டு காலையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"என்னப்பா பாக்கறீங்க?" என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்பேன்.

"இப்பப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைப்பாள்.